மேல் நம்பரும் கீழ் நம்பரும்: தமனி விறைப்பின் கிட்டத்தட்ட 300 வருஷக் கதை

1/ போன மாசம் ஓ.பி.யில் ஒரு அம்மா. வயசு 71. மகன் கூட்டிட்டு வந்திருந்தார். பி.பி. பார்த்தேன், 172/68. அஞ்சு நிமிஷம் அமைதியா உட்கார வச்சு மறுபடி பார்த்தேன், 170/66.
"பி.பி.க்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?"
"இல்லையே தம்பி. எனக்குத்தான் பி.பி.யே இல்லைன்னாங்களே."

2/ மகன் சொன்னார்: "டாக்டர், நாலு வருஷமா இப்படித்தான் இருக்கு. கீழ் நம்பர் நல்லாத்தானே இருக்கு? வயசானா மேல் நம்பர் ஏறத்தான் செய்யும், கீழ் நம்பர் 90 தாண்டினா பார்த்துக்கலாம்னு முன்னாடி பார்த்த இடத்துல சொன்னாங்க."

3/ அவர் கேட்டதில் தப்பே இல்லை. 1960களில் உலகின் பெரிய மருத்துவப் பேராசிரியர்கள் பலரும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது, அதை உடைக்க ஏன் இவ்வளவு காலம் ஆனது என்பதுதான் இந்த இழை. நீளமானது. டீ எடுத்துக்கிட்டு வாங்க.

4/ முதலில் ஒரு அடிப்படை விஷயம். இதயம் விட்டு விட்டுத்தான் பம்ப் பண்ணுது. ஒரு துடிப்பில் ரத்தத்தைத் தள்ளும், அப்புறம் ஓய்வெடுக்கும். ஆனால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கணும். விட்டு விட்டு வருவதைத் தொடர் ஓட்டமாக மாற்றுவது யார்? தமனிகள். அதிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி.

5/ நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுறவரைக் கவனிச்சிருக்கீங்களா? மூச்சை உள்ளே இழுக்கும்போதும் நாதம் அறுபடாது. கன்னத்தை உப்ப வச்சு அதில் காற்றைத் தேக்கி, மூச்சு இழுக்கிற நேரத்தில் அந்தக் காற்றை வெளியே விடுவார். பெருந்தமனி செய்வது அதே வேலைதான். இதயம் தள்ளும்போது உப்பி ரத்தத்தைத் தேக்கும். இதயம் ஓய்வெடுக்கும்போது சுருங்கி அதை முன்னே தள்ளும்.

6/ அந்தக் கன்னம் தோல் பை மாதிரி இல்லாமல் தகரம் மாதிரி ஆகிட்டா? அதுதான் தமனி விறைப்பு. குழாய்க்குள் கொழுப்பு படிந்து அடைப்பதை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. விறைப்பு வேற. இதில் குழாய் திறந்தேதான் இருக்கும், சுவரின் நெகிழ்வு மட்டும் போயிருக்கும். ரெண்டும் பல சமயம் ஒண்ணா வரும், ஆனால் ரெண்டும் ஒண்ணு இல்லை.

7/ இதை முதலில் யோசித்தவர் மருத்துவர்கூட இல்லை. இங்கிலாந்தில் டெடிங்டன் என்ற ஊரின் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். ஒரு பெண் குதிரையைக் கட்டிப் படுக்க வைத்து, தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் சொருகி, அதோடு உயரமான கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் வரை ஏறி நின்றது. 1733இல் வெளியான அவருடைய புத்தகத்தில் இது இருக்கு. ரத்த அழுத்தத்தை மனுஷன் கண்ணால் பார்த்து அளந்தது இந்தச் சோதனையில்தான்.

8/ இன்றைக்கு அப்படி ஒரு சோதனைக்கு யாரும் அனுமதி தர மாட்டாங்க. ஆனால் ஹேல்ஸ் அதோடு நிற்கவில்லை. துடிப்பு விட்டு விட்டு வருது, ரத்தம் எப்படித் தொடர்ந்து ஓடுதுன்னு யோசித்தார். அந்தக் காலத்துத் தீயணைப்பு எந்திரத்தில் ஒரு காற்று அறை இருக்கும். ஆட்கள் விட்டு விட்டு பம்ப் அடித்தாலும் அந்த அறையில் அழுந்திய காற்று தண்ணீரைச் சீராகப் பீய்ச்சும். தமனியும் அப்படித்தான் என்றார்.

9/ அந்தக் காற்று அறைக்கு ஜெர்மன் மொழியில் விண்ட்கெசெல் என்று பெயர். 1899இல் ஜெர்மானிய உடலியலாளர் ஓட்டோ ஃபிராங்க் இதையே கணிதமாக எழுதினார். இன்றைக்கும் மருத்துவக் கல்லூரி முதலாண்டில் இந்தப் பெயரில்தான் படிக்கிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தீயணைப்பு வண்டி இருக்குன்னு எனக்கே ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

10/ அடுத்தவர் தாமஸ் யங். எகிப்தின் ரொசெட்டா கல்வெட்டைப் படிக்க உதவியவர், ஒளி அலை என்று நிறுவியவர், பொருட்களின் விறைப்பை அளக்கும் 'யங் குணகம்' என்று பிளஸ் ஒன் இயற்பியலில் படிச்சோமே, அந்த யங். தொழிலால் அவர் டாக்டர். 1808இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதயமும் தமனியும் பற்றி உரையாற்றினார். நாடித் துடிப்பு ஒரு அலை, தமனிச் சுவரின் நெகிழ்வைப் பொறுத்து அதன் வேகம் அமையும் என்பது அதன் சாரம்.

11/ இங்கே ஒரு குழப்பம் வரும், தெளிவுபடுத்திடுறேன். அலை வேற, ரத்தம் வேற. கயிற்றின் ஒரு முனையை உதறினால் நெளிவு மறுமுனைக்கு ஓடும், ஆனால் கயிறு அங்கேயேதான் இருக்கும். மணிக்கட்டில் நீங்க தொட்டுப் பார்க்கும் நாடி அந்த நெளிவுதான். ரத்தம் பின்னால் மெதுவாகத்தான் வரும்.

12/ விறைப்பான சுவரில் அலை வேகமாக ஓடும். 1878இல் நெதர்லாந்தில் மோன்ஸ், கோர்ட்வெக் என்ற ரெண்டு பேர் இதைச் சமன்பாடாக்கினார்கள். கோர்ட்வெக்குக்கு ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் கொடுத்த முதல் டாக்டர் பட்டமே இந்த ஆய்வுக்குத்தான். சுவர் விறைத்தால் வேகம் கூடும். தடித்தாலும் கூடும். அதாவது தமனியை வெட்டிப் பார்க்காமலே, அலையின் வேகத்தை வைத்து அதன் தன்மையைச் சொல்லிவிடலாம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

13/ சரி, நாடியை விரலால் உணர்வது எல்லா ஊர் வைத்தியத்திலும் உண்டு. நம்ம சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் என்று மூன்று விரல் வைத்துப் பார்ப்பாங்க. ஆனால் விரலுக்குத் தெரிந்ததை இன்னொருத்தருக்குக் காட்ட முடியாது. 1860இல் பிரான்ஸின் எட்டியன் ஜூல் மாரே அதற்கு ஒரு கருவி செய்தார். மணிக்கட்டுத் தமனி மேல் ஒரு நெம்புகோல். நாடி துடிக்கத் துடிக்க, புகை படிந்த தாளில் அது கோடு கீறும். நாடியின் உருவத்தைத் தாளில் பார்க்க முடிந்தது.

14/ இப்போதான் இந்தக் கதையின் நாயகர் வருகிறார். பெயர் ஃபிரெடரிக் அக்பர் முகமது. பெயரைப் பார்த்தால் நம்ம ஊர் மாதிரி இருக்கில்ல? பிறந்தது 1849இல், இங்கிலாந்தின் பிரைட்டனில். தாத்தா பாட்னாவில் பிறந்தவர்.

15/ அந்தத் தாத்தா ஷேக் தீன் முகமது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்துவிட்டு அயர்லாந்து போனவர். 1794இல் தன் பயண அனுபவத்தைப் புத்தகமாக வெளியிட்டார். ஒரு இந்தியர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் புத்தகம் அது. 1810இல் லண்டனில் இந்திய உணவகம் திறந்தார், அது நஷ்டம். பிறகு பிரைட்டனில் ஆவிக்குளியலும் மசாஜும் தரும் குளியலகம். ராஜாக்களே வாடிக்கையாளர்கள். 'ஷாம்பூ' என்ற சொல்லை இங்கிலாந்தில் பரப்பியவர்களில் அவரும் ஒருவர்.

16/ பேரன் 1869இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்தார். மாரேயின் கருவியில் ஒரு குறை. எவ்வளவு அழுத்தி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து கோடு மாறும். அந்த அழுத்தத்தை அளக்கும்படி கருவியை மாற்றியமைத்தார் முகமது. அப்போ அவர் இன்னும் மாணவர். 1872இல் கருவியைப் பற்றிய கட்டுரைகளை வெளியிட ஆரம்பித்தார். வயசு 23.

17/ அந்தக் கோடுகளில் அவர் என்ன பார்த்தார்? இளம் வயசு நாடி சட்டுனு ஏறி, இறங்கி, நடுவில் சின்னத் துள்ளலோடு முடியும். அழுத்தம் கூடிய ஆட்களிடம் அந்த உச்சி அகன்று, முதல் ஏற்றத்துக்குப் பின்னால் இன்னொரு மேடு எழும்பும். வயசான, விறைத்த தமனியிலும் கோட்டின் உருவம் இப்படி மாறும். அழுத்தத்தை எண்ணாகச் சொல்லும் கருவி வராத காலத்தில், கோட்டின் உருவத்தைப் பார்த்தே அழுத்தம் அதிகம் என்று சொன்னார்.

18/ அந்தக் காலத்தில் அதிக அழுத்தம் என்றால் சிறுநீரக நோயின் விளைவு என்றுதான் நினைத்தார்கள். முகமது வரிசையைத் திருப்பிப் போட்டார். சிறுநீரில் புரதம் வருவதற்கு முன்பே நாடியில் அழுத்தம் தெரிகிறது என்றார். அடுத்த சில வருஷங்களில் இன்னும் ஒரு படி போனார். வெளிப்பார்வைக்கு எந்த நோயும் இல்லாத, நடமாடிக்கிட்டு இருக்கிற ஆட்களிலும் இந்த அழுத்தம் இருக்கு, வருஷக்கணக்கில் அது இதயத்தையும் தமனியையும் சிறுநீரகத்தையும் கெடுக்குது.

19/ இன்றைக்கு நாங்கள் 'எந்த அறிகுறியும் இல்லாட்டியும் பி.பி. பாருங்க' என்று சொல்கிறோமே, அதன் வேர் இங்கேதான். 1884 நவம்பரில் டைஃபாய்டு வந்து முகமது இறந்துபோனார். வயசு 35.

20/ அவர் போன 12 வருஷத்தில், 1896இல், இத்தாலியின் டூரின் நகரில் ரீவா ரோச்சி என்ற மருத்துவர், கையைச் சுற்றிக் கட்டும் காற்றுப்பட்டையையும் பாதரசத் தண்டையும் சேர்த்து ஒரு கருவி செய்தார். இன்றைய பி.பி. மிஷினின் அப்பா. ஆனால் நாடியைத் தொட்டுப் பார்த்து அளந்ததால் மேல் எண் மட்டும்தான் கிடைத்தது.

21/ 1905இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிகோலாய் கோரோட்கோவ் என்ற அறுவை மருத்துவர், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால் சத்தம் வரும் இடம் மேல் எண், சத்தம் மறையும் இடம் கீழ் எண் என்று அறிவித்தார். அவர் அறிக்கை ஒரு பக்கம்கூட வராது. அதை வைத்துத்தான் நூறு வருஷத்துக்கு மேலாக உலகமே பி.பி. பார்க்குது.

22/ இது மகத்தான முன்னேற்றம், சந்தேகமே இல்லை. மலிவு, வேகம், செவிலியர் யாரும் ரெண்டு நிமிஷத்தில் பார்த்துடலாம். ஆனால் ஒண்ணை இழந்தோம். ஒரு ராகத்தைக் கேட்டுவிட்டு, அது தொட்ட உச்ச ஸ்வரத்தையும் அடி ஸ்வரத்தையும் மட்டும் குறித்து வைத்த மாதிரி ஆச்சு. நடுவில் இருந்த உருவம் போச்சு. முகமதுவின் கருவி மெல்ல அலமாரிக்குள் போனது.

23/ ரெண்டு எண் வந்ததும் ஒரு கேள்வி வந்தது. இதில் எது முக்கியம்? 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவம் சொன்ன பதில்: கீழ் எண். காரணங்கள் கேட்க நியாயமாகத்தான் இருந்தன. மேல் எண் பயம், கோபம், மாடிப்படி ஏறினது எல்லாத்துக்கும் குதிக்கும். கீழ் எண் நிலையாக இருக்கும். மேல் எண் இதயத்தின் பலம், கீழ் எண்தான் அது சுமக்கும் பாரம் என்றும் விளக்கம் சொன்னார்கள்.

24/ வயசானவர்களுக்கு மேல் எண் ஏறுவதை எல்லாரும் பார்த்தார்கள். அதற்கும் ஒரு சமாதானம் இருந்தது. குழாய் விறைச்சுப் போச்சு, அதில் ரத்தத்தைத் தள்ள அழுத்தம் கூடித்தானே ஆகணும்? அது உடம்பு தானே செய்துகொண்ட ஏற்பாடு, கை வைக்காதே. 'வயசோட 100 சேர்த்துக்கோ, அதுவரைக்கும் நார்மல்' என்ற கணக்கு இப்படித்தான் ஊர் ஊராகப் பரவியது. எழுபது வயசா? 170 சரிதான்!

25/ 1931இல் லிவர்பூல் பேராசிரியர் ஜான் ஹே என்பவர், அதிக அழுத்தத்தில் பெரிய ஆபத்தே அதைக் கண்டுபிடிப்பதுதான், யாராவது முட்டாள் அதைக் குறைக்கப் பார்ப்பான் என்கிற பொருளில் எழுதினார். சிரிக்காதீங்க. அன்றைக்கு அழுத்தத்தைக் குறைக்க நல்ல மருந்து ஒன்றுகூட இல்லை. கையில் மருந்து இல்லாதபோது, 'இது நோயே இல்லை' என்று நம்புவது டாக்டருக்கும் ஆறுதல்தான்.

26/ மருந்து வந்த பிறகும் அளவுகோல் மாறவில்லை. 1967இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃபிரைஸ் நடத்திய புகழ்பெற்ற ஆய்வு, அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் பிழைக்கும் என்று முதன்முதலாக உறுதியாகக் காட்டியது. அதில் சேர்த்த 143 ஆண்களைத் தேர்ந்தெடுத்தது எதை வைத்து? கீழ் எண், 115 முதல் 129 வரை. 1977இல் வந்த அமெரிக்காவின் முதல் தேசிய வழிகாட்டியும் கீழ் எண்ணை வைத்தேதான் சிகிச்சையைத் தீர்மானித்தது.

27/ ஓ.பி.யில் அந்த மகன் என்னிடம் சொன்ன '90 தாண்டினா பார்த்துக்கலாம்' எங்கிருந்து வந்தது என்று புரியுதா? அது அவர் கற்பனை இல்லை. ஒரு தலைமுறை மருத்துவர்கள் படித்த பாடம். பாடப்புத்தகம் மாறியது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

28/ சரி, கீழ் எண் நார்மலாக இருந்து மேல் எண் மட்டும் ஏன் ஏறுது? இங்கே தமனிச் சுவருக்குள் போகணும். 1957இல் கனடாவில் மார்கோ ரோச், ஆலன் பர்ட்டன் ரெண்டு பேரும் அழகான ஒரு சோதனை செய்தார்கள். தமனிச் சுவரில் ரெண்டு முக்கிய நார்கள் உண்டு. எலாஸ்டின், ரப்பர் மாதிரி இழுபடும். கொலாஜன், தாம்புக்கயிறு மாதிரி, இழுபடாது.

29/ சில துண்டுகளில் எலாஸ்டினை மட்டும் கரைத்தார்கள், சிலதில் கொலாஜனை மட்டும். பிறகு உப்ப வைத்துப் பார்த்தார்கள். குறைந்த அழுத்தத்தில் பாரத்தைத் தாங்குவது எலாஸ்டின், கூடிய அழுத்தத்தில் கொலாஜன் என்று தெளிவானது. ரப்பர் போனால் மிச்சம் இருப்பது கயிறுதான்.

30/ உடம்பு எலாஸ்டினைப் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும்தான் செய்து வைக்குது. அப்புறம் ஆயுசு முழுக்க அதை வைத்துத்தான் ஓட்டணும். நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம். 60 வருஷத்தில் சுமார் 220 கோடி தடவை இழுபட்டுச் சுருங்கியிருக்கும். எந்த ரப்பரும் அலுத்துப் போகும். நார் அறும், அந்த இடத்தில் கொலாஜன் சேரும், சுண்ணாம்பும் படியும்.

31/ இப்போ அந்த ஒத்து ஊதுறவரின் கன்னத்தை நினைச்சுக்கோங்க. இதயம் தள்ளுது, பெருந்தமனி உப்ப மறுக்குது. அழுத்தம் சட்டுனு எகிறும், மேல் எண் 172. இதயம் ஓய்வெடுக்குது. தேக்கி வைத்த ரத்தம் அவ்வளவு இல்லை, திருப்பித் தள்ள நெகிழ்வும் இல்லை. அழுத்தம் சரசரவென இறங்கும், கீழ் எண் 68.

32/ இந்த இழையில் ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும்னா இதுதான். மேல் எண் உயர்ந்திருக்கும்போது கீழ் எண் தாழ்ந்திருப்பது நல்ல செய்தி இல்லை. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணேதான். 'கீழ் நம்பர் நல்லாத்தானே இருக்கு' என்று மகன் ஆறுதல்பட்ட அந்த 68தான், அம்மாவின் பெருந்தமனி விறைத்துவிட்டது என்று எனக்குச் சொன்ன தடயம்.

33/ ரெண்டுக்கும் உள்ள இடைவெளிக்கு நாடியழுத்தம் என்று பெயர். 120/80 என்றால் 40. அந்த அம்மாவுக்கு 104.

34/ இதனால் என்ன கெடுதல்? மூன்று இடத்தில். ஒண்ணு, இதயம் விறைத்த குழாயை எதிர்த்துத் தள்ளித் தள்ளி அதன் சுவர் தடிக்கும். ரெண்டு, இதயத் தசைக்கு ரத்தம் போவது பெரும்பாலும் அது ஓய்வெடுக்கும் நேரத்தில்தான். அந்த நேரத்து அழுத்தம் தாழ்ந்தால் இதயத்துக்கே வரத்து குறையும். வேலை அதிகம், சாப்பாடு குறைச்சல்.

35/ மூணு, மூளையும் சிறுநீரகமும். இவை ரெண்டுக்கும் ரத்தம் எப்போதும் தாராளமாகப் பாயணும், அதனால் வாசலில் தடை குறைவு. பெருந்தமனி அதிர்ச்சியை உள்வாங்காவிட்டால் ஒவ்வொரு துடிப்பின் அடியும் நேராக அந்த நுண்ணிய குழாய்களில் போய் விழும். பக்கவாதம், சிறுநீரகப் பழுது, மூளைத்திறன் குறைவு எல்லாத்துக்கும் இதில் தொடர்பு உண்டு.

36/ இதை எண்களால் காட்டியது அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊர். 1948இல் 5,209 பேரோடு தொடங்கி, வருஷக்கணக்காக அவர்களைத் தொடர்ந்தார்கள். 1971லேயே வில்லியம் கேனல் குழு, மேல் எண்ணை அலட்சியப்படுத்த முடியாது, வயசு கூடக் கூட அதுதான் முக்கியம் என்று எழுதிவிட்டது. பிற்கால அலசல்கள் இன்னும் தெளிவு: 50, 60 வயசு வரை ரெண்டு எண்ணும் சேர்ந்து ஏறும். அதற்குப் பிறகு மேல் எண் ஏறிக்கிட்டே போக, கீழ் எண் இறங்கும்.

37/ ஆனாலும் கேள்வி மிச்சம் இருந்தது. ஆபத்துதான், ஒத்துக்கிறோம். குறைத்தால் நல்லதா, கெட்டதா? பழைய பயம் போகலை. வயசானவருக்கு அழுத்தத்தைக் குறைத்தால் மூளைக்கு ரத்தம் போகாமல் விழுந்துடுவாரோ? இதற்காகவே 1980களில் 'ஷெப்' என்ற ஆய்வு ஆரம்பித்தது. 60 வயது தாண்டிய 4,736 பேர். எல்லாருக்கும் மேல் எண் 160க்கு மேல், கீழ் எண் 90க்குக் கீழ்.

38/ பாதிப் பேருக்குக் குளோர்தாலிடோன் என்ற மலிவான, பழைய மாத்திரை. மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. சேர்ந்தவர்களின் சராசரி வயசு 72, சராசரி பி.பி. 170/77. நம்ம அம்மா மாதிரியே ஆட்கள். 1991இல் முடிவு வந்தது. அஞ்சு வருஷத்தில் பக்கவாதம்: மருந்து இல்லாத நூறு பேரில் சுமார் 8 பேருக்கு, மருந்து எடுத்த நூறு பேரில் சுமார் 5 பேருக்கு. மொத்தத்தில் 36 சதவீதம் குறைவு.

39/ 1997இல் ஐரோப்பாவில் 4,695 பேரிடம் வேறு மருந்தை வைத்து நடந்த ஆய்விலும் பக்கவாதம் 42 சதவீதம் குறைந்தது. இதற்கு நடுவில் 1993இல் வந்த அமெரிக்க வழிகாட்டி, மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் சம இடம் கொடுத்துவிட்டது. கோரோட்கோவ் ரெண்டு எண் கொடுத்து 88 வருஷம் ஆகியிருந்தது.

40/ இதற்கிடையே முகமதுவின் அலையும் திரும்பி வந்தது. சிட்னியில் மைக்கேல் ஓரூர்க், ஆல்பர்ட்டோ அவோலியோ போன்றவர்கள், தோல் மேல் பேனா மாதிரி ஒரு உணர்வியை வைத்து நாடியின் உருவத்தைக் கணினியில் பதித்தார்கள். முகமது கீறிய கோடுகளோடு அவை பொருந்தின. மறந்துபோயிருந்த முகமதுவைப் பற்றி விரிவாக எழுதி மருத்துவ உலகத்துக்கு நினைவூட்டியவர்களில் ஓரூர்க்கும் ஒருவர்.

41/ யங், மோன்ஸ், கோர்ட்வெக் சொன்ன அலை வேகமும் வந்தது. கழுத்தில் ஒரு உணர்வி, தொடை இடுக்கில் ஒரு உணர்வி. அலை அங்கே எப்போ, இங்கே எப்போ? தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். அரை மீட்டரைக் கடக்க பத்தில் ஒரு நொடி ஆனால் நொடிக்கு 5 மீட்டர், சைக்கிள் வேகம். பாதி நேரத்தில் கடந்தால் 10 மீட்டர், பைக் வேகம். 2012இல் ஐரோப்பிய நிபுணர்கள் 10ஐ எச்சரிக்கைக் கோடாக வைத்தார்கள்.

42/ வெறும் விநோத அளவீடு இல்லை இது. 2001இல் பாரிஸில் 1,980 பி.பி. நோயாளிகளைத் தொடர்ந்த ஆய்வு, பெருந்தமனி விறைப்பு தனியாகவே மரண ஆபத்தைச் சொல்லுது என்று காட்டியது. 2010இல் 17 ஆய்வுகள், 15,877 பேரைத் தொகுத்துப் பார்த்தார்கள். அலை வேகம் நொடிக்கு 1 மீட்டர் கூடினால் இதய, ரத்தநாள நோய்த் தாக்குதல் ஆபத்து சுமார் 14 சதவீதம் கூடுது. வயசையும் மற்ற காரணிகளையும் கழித்த பிறகும்.

43/ "அப்போ வயசானா விறைக்கும், விதின்னு விடவேண்டியதுதானா டாக்டர்?" இல்லை. 1985இல் அவோலியோ குழு சீனாவில் ரெண்டு ஊர்களை ஒப்பிட்டது. உப்பு அதிகம் சாப்பிடும் பெய்ஜிங் நகரம், உப்பு குறைவாகச் சாப்பிடும் குவாங்சோ பக்கத்துக் கிராமப்புறம். வயசோடு விறைப்பு ரெண்டிலும் கூடியது. ஆனால் பெய்ஜிங்கில் வேகமாகக் கூடியது. அதாவது வயசு ஒரு காரணம்தான். எவ்வளவு வேகமாக விறைக்கிறது என்பது நாம வாழும் விதத்திலும் இருக்கு.

44/ 2000இல் அமெரிக்காவில், உடற்பயிற்சி இல்லாத நடுத்தர வயசு ஆண்களை மூணு மாசம் பெரும்பாலும் நடக்க மட்டும் வைத்தார்கள். கழுத்துத் தமனியின் நெகிழ்வு கணிசமாகத் திரும்பியது. அறுந்த எலாஸ்டின் முளைக்காது. ஆனால் சுவரில் உள்ள தசையின் இறுக்கம் தளரும். புகையை நிறுத்துவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, உப்பைக் குறைப்பது எல்லாம் இந்தப் பட்டியலில்தான் வரும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர்... உங்களுக்கே தெரியும்.

45/ ஓ.பி.க்குத் திரும்புவோம். மேல் எண் மட்டும் ஏற வேறு காரணங்களும் உண்டு: ரத்தசோகை, தைராய்டு அதிகம் சுரப்பது, பெருந்தமனி வால்வு கசிவது. அதெல்லாம் பார்த்தோம், இல்லை. எக்கோவில் வால்வு நல்லா இருந்தது, ஆனால் இதயச் சுவர் தடித்திருந்தது. சிறுநீரில் புரதம் கசிய ஆரம்பித்திருந்தது. நாலு வருஷம் 'கீழ் நம்பர் நல்லா இருக்கு' என்று கடந்துபோனதன் கணக்கு அது.

46/ மகன் முகம் வாடிடுச்சு. "நான்தான் கவனிக்காம விட்டுட்டேனா டாக்டர்?" இல்லைங்க. நீங்க அம்மாவை ஒவ்வொரு தடவையும் கூட்டிட்டுப் போய்ப் பார்த்திருக்கீங்க, சொன்னதை நம்பியிருக்கீங்க. திருத்திக்க வேண்டியது எங்க பக்கம். அதனால்தான் இதை எழுதுறேன்.

47/ குறைந்த அளவில் மாத்திரை ஆரம்பித்தோம். வயசானவங்களுக்கு வேகமாகக் குறைக்கக் கூடாது, எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வரும், விழுந்தால் இடுப்பெலும்பு போகும். அதனால் உட்கார வச்சும் நிற்க வச்சும் பி.பி. பார்த்துக்கிட்டே மெதுவா ஏத்தணும். போன வாரம் வந்தாங்க, 148/66. இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கு.

48/ நீங்க செய்ய வேண்டியது: வீட்டில் 60 தாண்டியவங்களோட பழைய பி.பி. சீட்டு இருந்தால் எடுத்துப் பாருங்க. கீழ் எண் 70, 80ன்னு இருந்தாலும் மேல் எண் திரும்பத் திரும்ப 140க்கு மேல் இருந்தால் டாக்டரிடம் அதைக் குறிப்பிட்டுக் கேளுங்க. ஒரே ஒரு தடவை அளந்ததை வைத்துப் பயப்பட வேண்டாம். நீங்களா மாத்திரை வாங்கிப் போடவும் வேண்டாம், ஏற்கெனவே போடுறதை நிறுத்தவும் வேண்டாம். அலை வேகம் அளக்கும் மிஷினைத் தேடி அலையவும் தேவையில்லை. பட்டையும் பொறுமையும் போதும்.

49/ அந்த அம்மா கிளம்பும்போது கேட்டாங்க: "ஏந்தம்பி, வயசானா நரம்பு விறைக்கத்தானே செய்யும்?" விறைக்கும்மா. முடியும்தான் நரைக்குது, அதுக்கு வைத்தியம் பார்க்கிறதில்லை. ஆனால் நரைச்ச முடி பக்கவாதத்தைக் கொண்டு வராது, இது கொண்டு வரும். அதனால இதுக்கு மட்டும் மாத்திரை போட்டுக்கலாம். சரின்னு தலையாட்டிட்டுப் போனாங்க.

50/ அப்பா, அம்மா, மாமியார், மாமனார் யாருக்காவது உதவும்னு தோணுச்சுன்னா பகிருங்க. சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, ஓ.பி. முடிஞ்சதும் பதில் சொல்றேன்.